சதவீதம் போதாது, மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குங்கள்

தோல்மடிப்பு அளவுகளை எழுதிய அந்தப் பதிவுத்தாள் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. தோலைக் கிள்ளிப் பிடித்து அந்த மடிப்பின் தடிமனை அளக்கும் இடுக்கிக் கருவியான காலிப்பரால் எங்கள் கபடி அணிப் பெண்களை அளந்த ஆய்வகம் முதலில் கொடுத்த அறிக்கையில் ஆளுக்கொரு கொழுப்புச் சதவீதம் மட்டும்தான். எந்த இடத்தில் எத்தனை மி.மீ., எந்தச் சூத்திரம் என்று ஒன்றும் இல்லை. “அதான் கம்ப்யூட்டரே போட்டுடுச்சே சார், அதெல்லாம் எதுக்கு?” என்று கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி போய் நின்றுதான், கையால் எழுதிய தாளின் நகலை வாங்கினோம்.

பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. தோல்மடிப்பு அளவை வைத்து முதலில் உடல் அடர்த்தியைக் கணக்கிடுகிறார்கள். 495-ஐ அந்த அடர்த்தியால் வகுத்து, 450-ஐக் கழித்தால் சதவீதம். இது சிரி சூத்திரம். அடர்த்தி 1.065 என்றால் 14.8%, 1.060 என்றால் 17%. அடர்த்திச் சமன்பாட்டை மாற்றினாலே, ஒரு கிராம் கொழுப்பு கூடாமல் எண் ஏறிவிடும். உடலில் எட்டு இடங்களில் எடுத்த மடிப்பு அளவுகளின் மி.மீ. கூட்டுத்தொகைக்கு அந்தச் சிக்கல் இல்லை. 78 இருந்தது அடுத்த முறை 70 ஆனால், தோலடிக் கொழுப்பு குறைந்திருக்கிறது என்று நம்பலாம். அளந்த விதம் சரியாக இருந்தால்!

அங்கேதான் முதல் பயணம் வீணானது. காலைப் பயிற்சி முடிந்ததும் வரச் சொல்லிவிட்டார்கள். உடற்பயிற்சியால் தோலுக்கு ரத்தம் பாய்ந்திருக்கும்போது மடிப்பு தடித்துக் காட்டும். போதாததற்கு மசாஜ் எண்ணெய் வேறு. பிடித்த மடிப்பு விரலிலிருந்து வழுக்கிக்கொண்டே போனது. பயிற்சிக்கு முன், குளிக்கும் முன், எண்ணெயோ கிரீமோ இல்லாமல் போங்கள்.

அளக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். எல்லாம் வலப்பக்கம். டேப் வைத்து அளந்து மார்க்கரால் குறி போட வேண்டும். வயிற்றில் என்றால் தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, நெட்டு மடிப்பு. காலிப்பரின் நுனி விரலிலிருந்து 1 செ.மீ. விலகி இருக்க வேண்டும். கைப்பிடியை முழுக்க விட்டு 2 விநாடியில் படிக்க வேண்டும், மடிப்பைப் பிடித்த விரலைத் தளர்த்தக் கூடாது. தாமதித்தால் கொழுப்பு அமுங்கி முள் இறங்கிக்கொண்டே போகும். அதே காரணத்தால் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை அளக்கக் கூடாது. எட்டு இடத்தையும் ஒரு சுற்று முடித்துவிட்டு இரண்டாம் சுற்று. இரண்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது எடுத்து, நடு எண்ணை எழுத வேண்டும்.

ரெய்டருக்கு முன்தொடையில் அளப்பதுதான் பெரும்பாடு. தசை இறுகித் தோல் கையில் வராது. உட்காரவைத்து, தொடையின் அடிப்பாகத்தை அவரே இரு கையாலும் தாங்கித் தூக்கிக்கொண்டால் மடிப்பு பிரியும். உதவியாளர் இதைச் செய்யாமல் இழுத்து இழுத்துப் பார்த்ததில் ஒரு பெண்ணுக்குத் தோல் சிவந்ததுதான் மிச்சம்.

பெண்களை அளக்கப் பெண்ணே வேண்டும் என்று முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். தடுப்புக்குத் திரை வேண்டும். எண்ணை உரக்கப் படிக்காமல் எழுத வேண்டும். ஒருத்தி எண்ணை இன்னொருத்தி கேட்டுவிட்டு அன்று ராத்திரியே சாப்பாட்டைக் குறைக்கும் ஆபத்து நிஜமானது.

கையிலும் காலிலும் மின்னோட்டம் விடும் மெஷினில் எடுத்த எண்ணை இதோடு ஒப்பிடவே வேண்டாம். குடித்த தண்ணீர், வியர்வை எல்லாம் அதை அசைக்கும்.

தாளை வாங்கும்போது காலிப்பரின் பெயர், அளந்தவர் பெயர், தேதி, நேரம் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறையும் அதே கை, அதே காலிப்பர் கிடைக்குமா என்று அங்கேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.