முடிவு தெரிந்த கதைக்குள்: ஸாக்குடன் மூன்று கிழமைகள்

2023 ஜனவரி 2, திங்கள்

வெள்ளவத்தையில் மின்வெட்டு தொடங்கிய சற்று நேரத்தில், இருட்டில் இருந்தபடியே ‘கிரைசிஸ் கோர்: ஃபைனல் ஃபேன்டசி 7 ரீயூனியன்’ வீடியோ விளையாட்டைத் தொடங்கினேன். கையில் பிடித்து விளையாடும் ஸ்விட்ச் கருவியின் பேட்டரி நிறைந்திருந்தது. 2007 இல் பிஎஸ்பி கருவிக்காக வெளிவந்த இந்த விளையாட்டு, சென்ற டிசம்பர் 13 அன்று புதிய காட்சிகளோடும் முழுமையான குரற்பதிவோடும் மீண்டும் வெளியாகியிருக்கிறது. 1997 இல் வந்த ஏழாவது ஃபைனல் ஃபேன்டசிக்கு இது முன்கதை.

அந்த மூல விளையாட்டை, வவுனியாவில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்த காலத்தில், அண்ணாவின் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். இந்த முன்கதையின் நாயகன் ஸாக் ஃபேர் அதில் மிகக் குறைந்த நேரமே வருவான். நிபெல்ஹைம் ஊருக்குத் திரும்பிப் போய் அந்தப் பழைய மாளிகையின் நிலவறைக்குள் இறங்காதவர்கள், அவன் இறந்த விதத்தைக் காணாமலேயே விளையாட்டை முடித்துவிடலாம். அண்ணா இறங்கினான். ஆகவே, நின்ற இடத்தில் நிற்கத் தெரியாமல் தோப்புக்கரணம் போடுவது போல இருந்தெழும்பிக் கொண்டிருக்கும் இந்தப் பையன் எப்படி விழப்போகிறான் என்பது முதற்காட்சியிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அவனுடைய குரு ஏஞ்ஜீல் அவனை நாய்க்குட்டி என்று அழைக்கும்போது சிரிப்பு வரவேண்டிய இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

2023 ஜனவரி 6, வெள்ளி

போயா (முழுநிலா) விடுமுறை. பகல் முழுவதும் விளையாடினேன்.

சண்டையின்போது திரையின் மூலையில் மூன்று சக்கரங்கள் ஓயாமல் சுழல்கின்றன. ‘டிஜிட்டல் மைன்ட் வேவ்’ என்று அதற்குப் பெயர். ஸாக் சந்தித்த மனிதர்களின் முகங்களும் எண்களும் அவற்றில் ஓடும். மூன்றிலும் ஒரே முகம் வந்து நின்றால் அந்த மனிதருக்கு உரிய சிறப்புத் தாக்குதல் கிடைக்கும், மூன்று ஏழுகள் நின்றால் ஸாக்கின் நிலை ஒரு படி உயரும். முன்பு தாக்குதல் தானாகவே நிகழ்ந்துவிடும். இப்போது நாம் விரும்பும் கணம் வரை அதைக் கையில் வைத்திருக்கலாம். அது நல்ல மாற்றம்தான். ஆனாலும் திட்டமிட்டுச் சண்டையிட விரும்புகிற எனக்கு, வளர்ச்சியைச் சக்கரத்தின் கையில் கொடுத்திருப்பது உறுத்துகிறது. 300 துணைப் பணிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே குகையையும் ஒரே சமவெளியையும் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நாற்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

2023 ஜனவரி 11, புதன்

உலங்குவானூர்தி விழுந்து, பனிமலையில் நடந்து போகும் இடத்துக்கு வந்தேன். பின்தங்காமல் நடந்துவரும் ஒரு சாதாரணச் சிப்பாயிடம் ஸாக் பேச்சுக் கொடுக்கிறான். தானும் நாட்டுப்புறத்தான் என்கிறான் சிப்பாய். எந்த ஊர் என்று ஸாக் கேட்க, நிபெல்ஹைம் என்று பதில் வருகிறது. தன் ஊர் கொங்காகா என்று ஸாக் சொல்ல, சிப்பாய் சிரித்துவிடுகிறான். நிபெல்ஹைமும் அப்படித்தான் என்கிறான் ஸாக். மிட்கார் நகருக்கு வெளியே மேகோ எனும் ஆற்றலை எடுக்கும் உலை இருக்கிற ஊரென்றால் அங்கே வேறு ஒன்றும் இருக்காது என்பதில் இருவரும் ஒரே குரலில் உடன்படுகிறார்கள். அந்தச் சிப்பாய்தான் மூல விளையாட்டின் நாயகன் க்ளவுட்.

கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையில், எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் நெடுங்கேணி என்று சொல்லிவிட்டு, அவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியாததைக் கண்டு, ‘வவுனியாப் பக்கம்’ என்று சேர்த்துச் சொன்னவள் நான். ஒட்டுசுட்டானிலிருந்து வந்த ஒருத்தி மட்டும் பெயரைக் கேட்டவுடன் வாய்விட்டுச் சிரித்தாள். இன்றுவரை அவள்தான் என் நெருங்கிய தோழி. ஆகவே இந்தச் சில வரி உரையாடலை நான் இரண்டு முறை கேட்டேன்.

அதே பயணத்தின் முடிவில் ஏஞ்ஜீலை ஸாக் தன் கையாலேயே வீழ்த்த நேர்கிறது. தந்தை கடன்பட்டுச் செய்வித்து, அந்தக் கடனுக்காக உழைத்தே மாண்டுபோன வாள் என்பதால், தேய்ந்துவிடக் கூடாதென்று ஏஞ்ஜீல் முதுகிலேயே சுமந்து திரிந்த அந்தப் பெரிய வாள், இப்போது ஸாக்கிடம் வருகிறது.

2023 ஜனவரி 15, ஞாயிறு

பொங்கிப் படைத்த பின் மாலையில் ஒரு மணி நேரம் மட்டுமே கிடைத்தது. ஸாக் விரும்பும் பெண்ணான ஏரித்துக்கு அவன் பூ வண்டி செய்து கொடுக்கும் பகுதி. போர்வீரன் ஒருவன் மரப்பலகை தேடி அலைகிறான்; அவ்வளவுதான் நடக்கிறது, ஆனாலும் இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஏஞ்ஜீலின் நண்பன் ஜெனிசிஸைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. வரும்போதெல்லாம் அதே நாடகக் கவிதையின் அடிகளை ஒப்புவிக்கும் அவனுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை செஃபிரோத்துக்குக் கொடுத்திருக்கலாம். மூல விளையாட்டில் கொடியவனாக வரும் அவனை, நண்பர்களை இழந்து தனித்துப்போகும் மனிதனாக இங்கே பார்க்க முடிகிறது. அது போதுமான அளவுக்கு இல்லை.

2023 ஜனவரி 21, சனி

நிபெல்ஹைம் எரிந்தது. விஞ்ஞானி ஹோஜோவின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஸாக் தப்பி வருகிறான். நினைவிழந்த க்ளவுடைத் தோளில் தாங்கி வருகிறான். ஏரித்தின் கடிதம் ஒன்று கைக்கு வந்து சேர்கிறது. அது எண்பத்தொன்பதாவது கடிதம், இனி எழுதப்போவதில்லை என்கிறாள். அப்போதுதான் நான்கு ஆண்டுகள் போய்விட்டன என்பது அவனுக்குத் தெரியவருகிறது.

வன்னியில் கோவலன் கூத்து ஆடும் இரவுகளில், கோவலன் வெட்டுண்பான் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், அவன் சிலம்போடு மதுரைக்குப் புறப்படும்போது ‘போகாதை மோனை’ என்று அம்மம்மா வாய்க்குள் சொல்லுவா. லொறியின் பின்புறத்தில் இருந்து, பதில் பேசாத க்ளவுடிடம், மிட்கார் போனதும் என்ன தொழில் செய்யலாம் என்று ஸாக் கதைத்துக்கொண்டு வந்தபோது நானும் அதைத்தான் சொன்னேன்.

2023 ஜனவரி 22, ஞாயிறு

முடித்துவிட்டேன்.

மிட்காருக்கு வெளியே ஸாக் பணியாற்றிய ஷின்ரா நிறுவனத்தின் படை திரண்டு நிற்கிறது. வெல்ல முடியாத சண்டையை, பொத்தானை அழுத்தி அழுத்தி, நாமே நடத்த வேண்டியிருக்கிறது. நான் குறைசொன்ன அந்தச் சக்கரங்கள் இப்போது தடுமாறுகின்றன. முகங்கள் ஒவ்வொன்றாக வெளிறி அழிகின்றன. சுழலும்போது அந்த இடங்கள் வெறுமையாக ஓடுகின்றன. கடைசியாக ஏரித்தின் முகம் மட்டும் நிற்கிறது, பிறகு அதுவும் போகிறது. இத்தனை நாளும் அதிர்ஷ்டச் சக்கரம் என்று நான் நினைத்திருந்தது அவனுடைய நினைவு. ஜனவரி 6 அன்று நான் எழுதியதை இங்கேயே திரும்பப் பெறுகிறேன்.

மழையில் கிடந்தபடி அவன் வாளை க்ளவுடிடம் கொடுக்கிறான்.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கு அழைப்பெடுத்தேன். அங்கே காலை நேரம். கடைசியாக எந்த முகம் நின்றது என்று கேட்டான், சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மூல விளையாட்டின் தொடக்கத்தில் க்ளவுட் ரயிலிலிருந்து குதிக்கும்போது முதுகில் என்ன இருந்தது என்பது நினைவிருக்கிறதா என்று கேட்டான். நாளை இரவு அந்த ரயிலிலிருந்து மீண்டும் தொடங்குகிறேன்.