வாங்குவதற்கு முன் ஒரு பழைய இன்ஜினைச் சோதித்தல்: நாட்குறிப்பு

2024 மார்ச் 2, சனிக்கிழமை

வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, 1967-ஆம் ஆண்டு வண்டி, விற்பனைக்கு வந்திருக்கிறது. உரிமையாளரிடம் இன்று தொலைபேசியில் பேசினேன். பெயிண்ட், இருக்கைகள், குரோம் பட்டைகள் என்று அவர் விரிவாக விவரித்தார். நான் அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: நாளை நான் வந்து சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்த இன்ஜினில் பல குறைகள் வெளியே தெரியாமல் போய்விடும்; இரவு முழுவதும் ஆறிக் கிடந்த இன்ஜினோ, ஸ்டார்ட் ஆன முதல் ஒரு நிமிடத்திலேயே தன் நிலையைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட வண்டி. 1,798 சி.சி. கொண்ட நான்கு சிலிண்டர் இன்ஜினில் தொடக்கத்தில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் மூன்றே இருந்தன. 1964-இன் பிற்பகுதியில் அவை ஐந்தாயின. ஆகவே 1967 வண்டியில் ஐந்து பேரிங் இன்ஜின் இருக்க வேண்டும். இந்த வகை இன்ஜினை ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றுவது எளிது என்பதால், இன்ஜின் எண்ணைப் பதிவுச் சான்றோடு ஒப்பிடுவதுதான் நாளைய முதல் வேலை.

2024 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை

எண் பொருந்தியது. ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், முற்றிலும் குளிர்ந்திருந்தது. உரிமையாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை நிதானமாகப் பார்த்தேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியான அளவில் இருந்தது. விரல்களுக்கிடையே தேய்த்தபோது துகள் எதுவும் நெருடவில்லை. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில், தண்ணீர் கலந்ததைக் காட்டும் வெண்மையான பசை இல்லை. குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டிகளில் காற்றின் ஈரத்தாலும் அந்தப் பசை சேரும் என்பதால், அது இருந்தால் உடனே வண்டியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அது இல்லாததாலேயே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) நன்றாக இருக்கிறது என்றும் முடிவு கட்டக் கூடாது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை.

தம்பி சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்ய, நான் சைலன்சர் பக்கம் நின்றேன். முதலில் கொஞ்சம் நீராவி வந்து மறைந்தது. தொடர்ந்து வெண்புகை வந்திருந்தால் கவலைப்பட்டிருப்பேன். பேரிங் தேய்ந்த இன்ஜினில், ஆயில் வந்து சேர்வதற்கு முன் அடிப்பகுதியிலிருந்து எழும் கனத்த தடதடப்பு இதில் இல்லை. மேலே, வால்வுகளைத் திறக்கும் டாப்பெட்டுகளின் மெல்லிய டிக்டிக் ஒலி மட்டும் கேட்டது. இந்த இன்ஜினுக்கு அது இயல்பு. பிறகு இன்ஜினை நிறுத்தி, தம்பியை கிளட்ச்சை மிதித்து விடச் சொல்லி, முன்பக்க கிராங்க் புல்லியை உற்றுப் பார்த்தேன். கிளட்ச் மிதிக்கும்போது புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால், கிராங்க் தண்டு முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள்; இதில் அசைவு தெரியவில்லை.

ஓட்டிப் பார்த்து நன்கு சூடான பிறகு, ஆயில் பிரஷர் முள் சாலையில் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அளவிலும், வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் 20-க்குச் சற்று மேலும் நின்றது. கீழ்ப்பகுதியைப் பற்றி எனக்கு நம்பிக்கை தந்தது இந்த ஒரு முள்தான். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறங்கி, கீழே வந்து மீண்டும் மிதித்தபோது கொஞ்சம் நீலப் புகை வந்தது. ஆக்சிலரேட்டரை விடும்போது காற்று நுழையும் இன்டேக் பக்கம் வெற்றிடம் கூடி, தேய்ந்த வால்வு கைடுகள் (வால்வுத் தண்டுகள் ஏறி இறங்கும் குழல்கள்) வழியாக ஆயிலை உள்ளே இழுப்பதால் வரும் புகை அது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் தேய்ந்திருந்தால், மிதித்து ஏறும்போது தொடர்ந்து புகைந்திருக்கும்.

ஆனால் ஐடிலிங் சீராக இல்லை. இன்ஜின் ஒரு தாளத்தோடு குலுங்கியது. ஏற்றத்தில் இழுவையும் போதவில்லை. “கார்புரேட்டர் ரெண்டையும் டியூன் பண்ணினா சரியாயிடும் சார்,” என்றார் உரிமையாளர். அப்படியும் இருக்கலாம்தான். இருந்தாலும், கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்பதை, பார்க்காமல் கார்புரேட்டரைத் தொடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த சனிக்கிழமை அளக்க அனுமதி கேட்டேன்; தயங்காமல் சம்மதித்தார்.

2024 மார்ச் 9, சனிக்கிழமை

இன்ஜினைச் சூடாக்கி, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசை மாறாமல் ஒரு துணியில் வைத்தேன். 1-உம் 4-உம் வெளிர் பழுப்பு நிறத்தில், நன்கு எரிந்த பிளக்குகளாக இருந்தன. நடுவில் உள்ள இரண்டும் கரிபிடித்துக் கறுத்திருந்தன. முன்பக்க கார்புரேட்டர் 1, 2 சிலிண்டர்களுக்கும் பின்பக்கத்தது 3, 4 சிலிண்டர்களுக்கும் நெருக்கமாக இருப்பதால், கோளாறு ஒரு கார்புரேட்டரில் இருந்தால் அந்தப் பக்கத்து இரண்டு பிளக்குகளும் சேர்ந்தே கறுத்திருக்க வேண்டும். நடு இரண்டு மட்டும் கறுத்திருப்பதற்குக் காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும்.

இக்னிஷன் காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு பிளக் துளையிலும் அழுத்தமானியைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினோம். மிதித்து, காற்று நுழையும் வழியான த்ராட்டிலைத் திறக்காமல் அளந்தால் காற்று போதாமல் நல்ல இன்ஜினும் குறைந்த எண்ணையே காட்டும். முதல் சிலிண்டர் 155 பி.எஸ்.ஐ., இரண்டாவது 90, மூன்றாவது 95, நான்காவது 150. மானிக்கு மானி அளவு மாறும் என்பதால் தனி எண்ணைவிட எண்களுக்கிடையேயான வேறுபாட்டுக்கே நான் மதிப்புக் கொடுப்பேன். பத்து சதவீத வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். இது நாற்பதுக்கு அருகில் வருகிறது.

அடுத்து 2, 3 சிலிண்டர்களில் ஆளுக்கொரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளந்தேன். குறை ரிங்குகளில் இருந்தால், ஆயில் தற்காலிகமாக இடைவெளியை அடைத்து எண்ணை உயர்த்தும். முள் ஓரிரு பி.எஸ்.ஐ.க்கு மேல் நகரவில்லை.

அடுத்தடுத்து உள்ள இரண்டு சிலிண்டர்கள், ஏறக்குறைய ஒரே அளவு, ஆயிலுக்கும் மசியவில்லை. இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அப்படிப்பட்ட கசிவு தண்ணீர்ப் பாதையையும் ஆயில் பாதையையும் தொடாமல் சிலிண்டரிலிருந்து சிலிண்டருக்கே போவதால்தான் மூடியில் வெண்பசையோ ரேடியேட்டரில் எண்ணெயோ தென்படவில்லை.

2024 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை

இரண்டாவது பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சத்தில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தினோம். மூன்றாவது பிளக் துளையின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தேன்; அது படபடவென்று அடித்துக்கொண்டு மேலே எழும்பியது. ரேடியேட்டரில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஆயில் மூடியைத் திறந்து காதை வைத்தபோது, எந்த இன்ஜினிலும் கேட்கக்கூடிய மெல்லிய காற்றொலி மட்டுமே கேட்டது.

கேஸ்கெட் என்றால் பெரிய செலவில்லை என்று விட்டுவிட முடியாது. இந்த ஹெட்டில் 2, 3 சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் ஒரே துளை வழியாக வெளியேறுவதால் வெப்பம் முழுவதும் அந்த இடத்தில் குவிகிறது. அங்கே, வால்வுகள் மூடும்போது பொருந்தி அமரும் வால்வு சீட்டுகளுக்கு இடையில் விரிசல் விழுவது எம்.ஜி.பி. வைத்திருப்பவர்கள் நன்கு அறிந்த குறை. ஆகவே ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

ஹெட்டைக் கழற்றுவதானால் இன்னொரு வேலையையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். இந்த இன்ஜினின் வால்வு சீட்டுகள் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டவை. பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அவற்றுக்கு ஒரு காப்பாக இருந்தது. வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல் நிறுத்தப்பட்டது. ஈயமில்லாத பெட்ரோலில் அதிக வேகத்தில் நீண்ட நேரம் ஓடும்போது எக்ஸாஸ்ட் வால்வுகள் சீட்டுக்குள் மெல்ல மெல்ல அமிழும். டாப்பெட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வருவது அதற்கு அடையாளம். கடினப்படுத்திய சீட்டுகளைப் பொருத்தினால் அந்தக் கவலை தீரும். இதில் ஏற்கெனவே பொருத்தியிருக்கிறார்களா என்பதைச் சொல்ல எந்த ரசீதும் இல்லை.

2024 மார்ச் 13, புதன்கிழமை

உரிமையாளரிடம் எண்களை அப்படியே சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், தமக்கு இதுவரை எவரும் அளந்து சொன்னதில்லை என்றார். எங்கள் இருவர் முன்னிலையில் ஹெட்டைக் கழற்றுவது, விரிசல் இல்லையென்றால் ஹெட் வேலைக்கான செலவை விலையில் கழித்துக்கொள்வது, விரிசல் இருந்தாலோ சிலிண்டர் சுவர் தேய்ந்திருந்தாலோ நான் வாங்காமல் விலகிக்கொள்வது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டோம். விற்பவர் இவ்வளவு தூரம் ஒத்துழைப்பது அரிது. வண்டியின் மீது எனக்கு ஏற்பட்ட மதிப்பில் அவர்மீதான மதிப்புக்கும் பங்குண்டு.

2024 மார்ச் 16, சனிக்கிழமை

ஹெட் வெளியே வந்தது. கேஸ்கெட்டில் 2-க்கும் 3-க்கும் நடுவிலுள்ள குறுகிய பட்டை எரிந்து, விரல்நகம் அகலத்துக்கு ஒரு கறுத்த வாய் திறந்திருந்தது. சிலிண்டர் சுவரின் மேல் விளிம்பில் நகத்தை ஓட்டினேன்; தேய்மான விளிம்பு லேசாகத் தட்டுப்பட்டதே தவிர நகம் சிக்கவில்லை. சாயம் தடவிச் சோதித்ததில் சீட்டுகளுக்கிடையே விரிசல் இல்லை. நேர்கோல் வைத்துப் பார்த்தபோது ஹெட்டின் நடுப்பகுதியில் சிறு குழிவு தெரிந்தது. கேஸ்கெட் எரிந்ததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் சீட்டுகள் பழையவைதான்.

முன்பணம் கொடுத்துவிட்டேன். ஹெட் முகத்தைச் சமன்செய்து, கைடுகளை மாற்றி, கடினச் சீட்டுகளைப் பொருத்துவதற்காக ஹெட் பட்டறைக்குப் போகிறது.