வாய்ச்சொல்லில் செய்த வேலைக்குக் காசு எடுத்த கதை

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக் கட்டடம். நான் கொன்ட்ராக்டர் பக்கத்து கியூஎஸ், அதாவது செய்த வேலையை அளந்து பில் போடுபவன். மாதாந்த பில்லில் கொங்கிறீற், சுவர், பூச்சு எல்லாம் பெரிய வெட்டில்லாமல் தேறிவிடும். கத்தி விழுவது மேலதிக வேலைகளில்தான். "இந்தச் சுவரை ரெண்டடி தள்ளிக் கட்டுங்கோ" என்று கட்டட உரிமையாளர் பக்கத்து இஞ்சினியர் சைற்றில் நின்று சொல்லுவார். மேசன்மார் அன்றைக்கே உடைத்துக் கட்டிவிடுவார்கள். பில் போனதும், "எழுத்தில் தந்தது எங்கே?" என்று கேள்வி வரும்.

இதையெல்லாம் பதிந்துவைக்க சொஃப்ட்வேர் வாங்குவோம் என்றார் முதலாளி. கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். எங்கள் ஒப்பந்தம் 1999 ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தின்படி, அதாவது சர்வதேச பொறியியல் ஆலோசகர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்த விதிகளின்படி போட்டது. அதில் 3.3ஆம் பிரிவிலேயே வழி இருக்கிறது: வாயால் சொன்னதை கொன்ட்ராக்டர் எழுத்தில் உறுதிப்படுத்தி, 2 வேலைநாளுக்குள் இஞ்சினியருக்குக் கிடைக்கச் செய்யவேண்டும். அது கிடைத்து 2 வேலைநாளுக்குள் இஞ்சினியர் எழுத்தில் மறுப்போ வேறு அறிவுறுத்தலோ தராவிட்டால், அந்தக் கடிதமே எழுத்துமூல அறிவுறுத்தல் ஆகிவிடும்.

சுப்பர்வைசரிடம் கார்பன் வைத்த கொப்பி ஒன்றைக் கொடுத்தோம். யார் சொன்னது, எந்த மாடி, என்ன வேலை, பக்கத்தில் ஒரு கோட்டுப்படம். தமிழோ சிங்களமோ, எதில் எழுதினாலும் சரி. உடைக்கமுதல் சுவரில் டேப்பைப் பிடித்து, இலக்கம் தெரிய ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடவேண்டும். பின்னேரத்துக்குள் நான் ஆங்கிலத்தில் கடிதம் அடித்து, பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்கிவிடுவேன்.

"தம்பி, கொப்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா வேலையை ஆர் பாக்கிறது?" என்று சுப்பர்வைசர் அண்ணை புறுபுறுத்தார். அவரைச் சமாளிக்கலாம். இஞ்சினியருக்குத்தான் முகம் கறுத்தது, தன்னை நம்பவில்லை என்று. வாராந்தக் கூட்டத்தில் அந்த வாரக் கடிதங்களை எல்லார் முன்னிலையிலும் வாசிக்கத் தொடங்கிய பிறகே அது வழமையானது.

நான் எதிர்பாராதது ஒன்றும் நடந்தது. எழுத்தில் வரும் என்று தெரிந்ததும், சொல்லுகிற மாற்றங்களே குறைந்துவிட்டன. வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார்கள்!

வேலை செய்தோமா என்ற சண்டை இப்போது இல்லை. விலைச் சண்டை தீரவில்லை. உடைப்பதற்கு பிஓகியூவில், அதாவது ஒப்பந்தத்தின் வேலை அளவு, விலைப் பட்டியலில், ரேட் கிடையாது. கூலிச் சீட்டு, சீமெந்து பில், லொறிக்கூலி எல்லாம் இணைத்துப் புது ரேட் கட்டிக் கொடுக்கிறோம், உரிமையாளர் பக்கத்தார் குறைக்கிறார்கள்.