நெட் கெமிஸ்ட்ரி: பாயிண்ட் குரூப்புக்கு ஜேமோல் போதும்

சிஎஸ்ஐஆர் நெட் கெமிஸ்ட்ரி தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது. ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப் கிடைத்துவிட்டது. கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். மனசு இப்போதுதான் லேசாகியிருக்கிறது. எந்தப் புத்தகம் படித்தீர்கள் என்றே ஊர்த் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். புத்தகம் எல்லோரும் படிப்பதுதான். என்னைக் கரையேற்றியது, மூலக்கூறுகளைத் திரையில் 3டியில் சுழற்றிப் பார்க்க உதவும் ஜேமோல் என்ற இலவச மென்பொருள்.

தேர்வின் பார்ட் சி-யில் தப்பான விடைக்கு 1 மதிப்பெண் போகும். அங்கே பாயிண்ட் குரூப்பை, அதாவது மூலக்கூறின் சமச்சீர் வகையை, ஊகித்துப் போடக் கூடாது. அல்லீன் என்ற மூலக்கூறைத் தாளில் வரைந்தால் தட்டையாகத் தெரியும். நிஜத்தில் இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி திரும்பி நிற்கின்றன. திரையில் சுழற்றி, கார்பன் அச்சு வழியாகப் பாருங்கள்: எஸ்4 (90 டிகிரி திருப்பிப் பிரதிபலித்தால் பழையபடி தெரியும் அச்சு) தெரிந்துவிடும், பாயிண்ட் குரூப் டி2டி என்று மனப்பாடம் செய்யவே வேண்டாம். இரண்டு கார்பன் வளையங்களுக்கு நடுவே இரும்பு இருக்கும் ஃபெரோசீனும் அப்படித்தான். வளையங்கள் நேருக்கு நேர் நின்றால் டி5ஹெச், ஒன்றின் மூலைகள் மற்றதன் இடைவெளிக்கு நேராக நின்றால் டி5டி.

முதலில் மூலக்கூறைத் திரையில் கையால் திருப்பி, சமச்சீர் அச்சுகளையும் தளங்களையும் எண்ணி விடையை எழுதுங்கள். அப்புறம் ஜேமோலில் கட்டளை அடிக்கும் கன்சோலைத் திறந்து ‘டிரா பாயிண்ட்குரூப்’ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். அதுவே எல்லாவற்றையும் வரைந்து காட்டும். இந்த வரிசை மாறவே கூடாது. நான் தேறியதே இதனால்தான்.

மென்பொருளையும் கோப்புகளையும் டவுன்லோட் செய்யும்போது:

- முதலில் ஜாவா. அது இல்லாமல் ஜேமோல் திறக்காது.
- ஜேமோல் சிப் கோப்பாக வரும். முழுதாகப் பிரித்துவிட்டு ஜார் கோப்பைத் திறவுங்கள். இன்ஸ்டால் தேவையில்லை, பென் டிரைவிலிருந்தே ஓடும்.
- பக்கத்தில் மின்னும் பெரிய ‘டவுன்லோட்’ பட்டன்கள் பெரும்பாலும் விளம்பரம். தொடாதீர்கள்.
- மூலக்கூறை நீங்களே வரைய அவகாட்ரோ என்ற மென்பொருள். வரைந்ததும் ஜியோமெட்ரியை ஆப்டிமைஸ் செய்துவிடுங்கள் (வடிவத்தை மென்பொருளே சரிசெய்யும்), இல்லாவிட்டால் கோணங்கள் தப்பாக இருக்கும்.
- கரிமச் சேர்மங்களுக்கு பப்கெம் என்ற இணையத் தரவுத்தளத்தில் 3டி வடிவம் உள்ள எஸ்டிஎஃப் கோப்பு கிடைக்கும். உலோகச் சேர்மங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. அவற்றுக்கு கிரிஸ்டலோகிராஃபி ஓபன் டேட்டாபேஸில் சிஐஎஃப் என்ற படிக அமைப்புக் கோப்பைத் தேடுங்கள், ஜேமோல் திறக்கும்.

நெட்வொர்க் நன்றாக இருக்கும் நேரத்தில் கோப்புகளை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஒரே ஒரு விஷயம். காசு கேட்கும் கட்டுரையாக இருந்தாலும் அதன் சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷன் என்ற கூடுதல் கோப்பு பெரும்பாலும் இலவசம். அணுக்களின் ஆயத்தொலைவுகள் பல சமயம் அதில்தான் இருக்கும். கட்டுரையின் முன்வரைவு, கெம்ஆர்க்கைவ் என்ற இலவச இணையதளத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய லேப்டாப் என்றால் கட்டுரைகளைப் படிக்க சுமத்ரா பிடிஎஃப் என்ற மென்பொருளைப் போடுங்கள், சட்டென்று திறக்கும்.