அன்பினாலும் பிரியத்தினாலும்: விவாகரத்துக்கு முன் ஒரு ஃபிளாட்டைப் பெயர் மாற்றிய கதை

மியூச்சுவல் டைவர்ஸ்தானே, சண்டையே இல்லையே, ரெண்டு கையெழுத்தில் முடிந்துவிடும் என்று என்னிடம் சொன்ன அத்தனை பேரையும் ஒரே ஒரு நாள் சார்பதிவாளர் அலுவலக பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும் என்று ஆசை. குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதி முன்னால் நாங்கள் நின்ற நேரத்தைக் கூட்டினால் அரை மணி நேரம் இருக்காது. வீடுதான் எட்டு மாதம் அலைய வைத்தது.

எங்கள் நிலைமை இதுதான். ஃபிளாட் இருவர் பெயரிலும் பாதிப் பாதி. வீட்டுக் கடனும் இருவர் பெயரில். முன்பணத்துக்கு என் நகையில் பெரும்பகுதி போனது. இ.எம்.ஐ. என் கணவர் கணக்கிலிருந்து போனது. மளிகை, கரண்ட், மெயின்டெனன்ஸ் எல்லாம் என் சம்பளம். இந்தக் கணக்கை எந்தச் சட்டப் புத்தகமும் தீர்த்து வைக்காது. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியதெல்லாம் ஆளுக்குப் பாதி என்ற விதி இங்கே இல்லை. கோவா, டாமன், டையூவில் மட்டும் பழைய போர்ச்சுகீசியச் சட்டத்தின் வழியாக அப்படி ஒன்று உண்டு. மற்ற இடங்களில் பத்திரத்தில் யார் பெயரோ அவர் சொத்து. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்புக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று ஒரு தீர்ப்பு கொடுத்தது. அதை அச்செடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனேன். "நல்ல தீர்ப்பு மேடம். இதை வைத்து நாமும் கேஸ் நடத்தலாம், நீங்கள் ரிட்டயர் ஆவதற்குள் முடிந்துவிடும்" என்றார்.

சரி, பேசித் தீர்ப்போம் என்று முடிவானது. அவருடைய பாதியை எனக்கு எழுதித் தருவார். மீதிக் கடன் என்னுடையது. நான் ஜீவனாம்சமும் கேட்க மாட்டேன், விற்ற நகைக்குக் கணக்கும் கேட்க மாட்டேன். இந்த மூன்று வரிக்கு வர நாலு மாதம் ஆனது. அந்தக் கதை வேண்டாம்.

மிச்சம் இருந்த நகை கூட்டு லாக்கரில் இருந்தது. பட்டியல் போட வேண்டும், பில் பாதிக்கு மேல் இல்லை. கடைசியில் கல்யாண ஆல்பத்தை எடுத்து, முகூர்த்தப் படத்தில் என் கையில் எத்தனை வளையல் என்று போனில் பெரிதாக்கி எண்ணினேன். ஆறு வருஷமாகத் திறக்காத ஆல்பம். கல்யாணத்தின்போது பெண்ணுக்குப் போட்டது, யார் வீட்டார் போட்டதானாலும் அது அவளுடைய ஸ்ரீதனம். கணவன் வீட்டில் இருந்தால் அவர்கள் அதற்கு வெறும் காப்பாளர்கள்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. அந்தக் கணக்கில் அத்தை போட்ட ஆரமும் என்னுடையதே. அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சட்டத்துக்காக இல்லை, அவர் எனக்குக் காய்ச்சல் வந்தபோது பார்த்துக்கொண்டதற்காக. லாக்கரைத் திறக்கப் போகும் முன் அது இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியதா, யாராவது ஒருவர் போதுமா என்று பார்த்துக்கொண்டு போங்கள். நான் தனியாகப் போய் ஒரு லீவை வீணாக்கினேன்.

இனி வீடு. வக்கீல் எழுதிய வரைவில், தீர்ப்பு வந்த மூன்று மாதத்துக்குள் அவர் தன் பாகத்தை எனக்கு எழுதித் தர வேண்டும் என்று இருந்தது. படிக்க நியாயமாகத்தான் இருந்தது. கிட்டத்தட்ட கையெழுத்துப் போட்டுவிட்டேன். வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை) விசாரிக்கலாம் என்று ஒரு பத்திர எழுத்தரிடம் போனபோது அவர் கணக்குப் போடும் முன்பே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, தீர்ப்பு வந்துடுச்சா, இனிமேதானா?"

அந்தக் கேள்விதான் எனக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் மிச்சம் பண்ணியது. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்குள் செட்டில்மென்ட், அதாவது விலை வாங்காமல் சொத்தை எழுதித் தரும் பத்திரம், எழுதினால் முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலைக்கு முன் இந்த உச்சவரம்பு 25,000, 4,000 என்று இன்னும் குறைவாக இருந்தது. கணவன் மனைவி குடும்பம். தீர்ப்பு வந்த மறுநாள் அதே இருவர் வெளியாட்கள். அப்போது முத்திரைத் தீர்வை மட்டுமே 7 சதவீதம். அவருடைய பாதியின் மதிப்பு 30 லட்சம் என்று வையுங்கள்: இன்று எழுதினால் 30,000, தீர்ப்புக்கு அப்புறம் 2,10,000. வக்கீலிடம் சொன்னேன். "ஆமாம், அது ஒரு பாயின்ட்" என்றார்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நீதிமன்ற ஆணையிலேயே வீட்டை மாற்றிவிடலாம். பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் நீதிமன்ற ஆணைக்கு விலக்கு உண்டு. ஆனால் சமரசத் தீர்ப்பு என்றால் அந்தச் சொத்து வழக்கின் பொருளாகவே இருந்திருக்க வேண்டும். எங்கள் மனுவில் வீட்டைப் பற்றி "குடியிருக்கும் ஃபிளாட்" என்ற இரண்டு வார்த்தைதான் இருந்தது. சர்வே எண் இல்லை, நிலத்தில் ஃபிளாட்டுக்குரிய பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்று இல்லை, நான்கு எல்லை இல்லை. மனு போடும் முன்னாலேயே சொத்து விவர அட்டவணையை உங்கள் கிரயப் பத்திரத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர் அதை உங்களுக்காகச் செய்யப் போவதில்லை.

ஆக, தீர்ப்புக்கு முன் செட்டில்மென்ட். இங்கேதான் முடிச்சு விழுந்தது. "கடனிலிருந்து என் பெயரை எடுக்காமல் எப்படி எழுதித் தருவது?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் என்ன எழுதிக்கொண்டாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. நான் ஒரு தவணை தவறினால் அவர் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும். வங்கியில் கேட்டேன். கடன் பிரிவில் இருந்தவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "டைவர்ஸ் ஆர்டர் கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார். வங்கிக்குத் தீர்ப்பு வேண்டும், அவருக்கு வங்கிக் கடிதம் வேண்டும், எனக்குத் தீர்ப்புக்கு முன் பத்திரம் வேண்டும். மூன்று வாரம் இதிலேயே சுற்றினேன்.

நான்காவது முறை போனபோதுதான் என் கேள்வியே தப்பு என்று புரிந்தது. பெயர் நீக்கம் வேறு, பாகத்தை மாற்ற ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வேறு. அடமானம் அப்படியே இருக்கும், கடனாளிகள் இருவரும் அப்படியே இருப்பார்கள், ஒரு உரிமையாளர் மற்றவருக்குத் தன் பாகத்தை எழுதுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்பது மட்டும்தான் இப்போது வேண்டியது. கவுன்டரில் வாயால் கேட்டதை நிறுத்திவிட்டு, மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கினேன். பதினோரு நாளில் கடிதம் வந்தது. அவருக்காகச் சமரச ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம்: தீர்ப்பு வந்து ஆறு மாதத்துக்குள் நான் அவர் பெயரைக் கடனிலிருந்து எடுக்க வேண்டும், முடியாவிட்டால் வேறு வங்கிக்குக் கடனை மாற்ற வேண்டும். அந்த வரிக்குப் பிறகுதான் அவர் பேனாவைத் தொட்டார்.

அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. இருவரும் சம்மதித்து விவாகரத்துக் கேட்கும் 13பி மனுவில் தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். வீட்டை வாங்கிக்கொண்டு நான் வராமல் போனால்? அதனால் இரண்டாம் மோஷனுக்கு, அதாவது சம்மதத்தை உறுதிசெய்ய நீதிமன்றத்தில் மறுபடி நிற்கும் நாளுக்கு, இரண்டு நாள் முன்னால் பதிவு என்று பேசிக்கொண்டோம். மனு போட்டதற்கும் அதற்கும் இடைப்பட்ட ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம், 2017 முதல் அது கட்டாயமில்லை. வீடு பாக்கி இருந்தால் கேட்காதீர்கள். அந்த ஆறு மாதம் எனக்குப் போதாமல்தான் இருந்தது. மனு போட்டதிலிருந்து பதினெட்டு மாதம் வரை இடம் இருப்பதால் தள்ளிப் போட்டோம்.

பதிவுக்கு எடுத்த முதல் டோக்கன் வீண். என் ஆதாரில் அப்பா இனிஷியல், கிரயப் பத்திரத்தில் கணவர் இனிஷியல். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்பதற்கும், நாங்கள் குடும்பம்தான் என்பதற்கும் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். அசல் விவாகரத்து மனுவோடு நீதிமன்றக் கட்டில் இருந்தது! சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு, வாங்கி, மறுபடி டோக்கன் எடுத்தேன். எதையும் நீதிமன்றத்தில் கொடுக்கும் முன் இரண்டு சான்றிட்ட நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூலப் பத்திரம் வங்கியில் இருப்பதால் அதன் நகலும் வங்கிக் கடிதமும் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

இரண்டாவது டோக்கன் அன்று சர்வர் படுத்துவிட்டது. காலை பத்தரைக்குப் போனவர்கள் மூன்று மணிவரை ஒரே பெஞ்சில், நடுவில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பத்திரத்தைப் படித்துப் பார்க்க அப்போதுதான் நேரம் கிடைத்தது. இரண்டாம் பக்கத்தில் இருந்தது: "தாங்கள் என் மனைவியாயிருப்பதாலும், தங்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்..." நான் அந்த வரியைக் காட்டினேன். அவர் படித்தார். பத்திர எழுத்தரிடம் போய் இதை எடுக்க முடியாதா என்று கேட்டார். "எடுத்தா செட்டில்மென்ட் இல்ல சார், அப்புறம் ஏழு பர்சென்ட்" என்றார் எழுத்தர். அவர் ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நாற்பதாயிரத்துக்கு இவ்வளவு பிரியம் பரவாயில்லை" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம்.

மூன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள். ரேகை, படம், "மனப்பூர்வமா எழுதித் தர்றீங்களா?" என்று ஒரு கேள்வி, முடிந்தது. பத்திரத்தில் எந்த ரத்து உரிமையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை, சுவாதீனம் அன்றே ஒப்படைக்கப்பட்டது என்ற இரண்டு வாசகமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். நீங்களும் பாருங்கள்.

இரண்டு நாள் கழித்துத் தீர்ப்பு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தீர்ப்போடு வங்கிக்குப் போனால் என் சம்பளத்துக்கு மீதிக் கடன் தாங்குமா என்று புதிதாகக் கணக்குப் போட்டார்கள். தாங்கவில்லை. தவணைக் காலத்தை நீட்டி, கொஞ்சம் அசலைக் கட்டி, ஐந்தாவது மாதம் அவர் பெயர் நீங்கியது. கடிதத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன், "நன்றி" என்று பதில் வந்தது. பி.எஃப்., இன்சூரன்ஸ் நாமினி எல்லாம் தீர்ப்பு வந்தால் தானாக மாறாது, ஒவ்வொன்றாக நாம்தான் மாற்ற வேண்டும். ஒரு பழைய பாலிசியை நான் மறந்தே போயிருந்தேன்.

போன வாரம் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். என் பெயர் சரியாக ஏறியிருக்கிறது. சொத்து வரி மாறிவிட்டது. கரண்ட் கனெக்ஷன் மட்டும் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, அதற்கு ஒரு நாள் லீவு போட வேண்டும்.