கடுகுல கால்வாசி சைஸுல ஒரு குடல்

போன வாரம் சித்தப்பா போன்ல, "ஏம்மா, நீ லேப்ல உறுப்பெல்லாம் வளக்குறியாமே, ஒரு கிட்னி ரெடியாக எவ்ளோ நாளாகும்?"னு கேட்டாரு. "நான் வளக்குறது எலிக்குடல் சித்தப்பா, அதுவும் கடுகுல கால்வாசி தான் இருக்கும்"னு சொன்னதும் மனுஷனுக்கு சப்புன்னு போயிருச்சு.

அவரை சொல்லி குத்தமில்ல, நியூஸ்ல வர்ற தலைப்பு அப்படி. ஏதோ நாங்க செங்கல் அடுக்கி வீடு கட்டுற மாதிரி உறுப்பு கட்டுறோம்னு தான் எல்லாரும் நினைக்கறாங்க. நிஜத்துல நாங்க கட்டுறதே இல்ல, செல்லுங்களே கட்டிக்குது. 1907லயே வில்சன்ங்கறவரு கடல் பஞ்சுங்கற உயிரினத்தை பட்டுத்துணியில பிழிஞ்சு தனித்தனி செல்லா பிரிச்சு தண்ணியில விட்டாரு, அதுங்க ஒண்ணையொண்ணு தேடி ஒட்டி திரும்ப பஞ்சாவே ஆயிருச்சு. நூறு வருஷம் கழிச்சு நாங்க பண்றதும் கிட்டத்தட்ட அதே தான், என்ன, பட்டுத்துணிக்கு பதிலா கொஞ்சம் காஸ்ட்லியான சாமான்.

அந்த சாமான்ல முக்கியமானது மேட்ரிஜெல். எலியோட ஒரு வகை கட்டியிலருந்து எடுக்கற புரதக் கலவை இது, ஐஸ்ல இருக்கறவரைக்கும் தண்ணியா ஓடும், சூடு ஏறுச்சுன்னா கெட்டியாயிடும். அதனால முந்தின நாளே ஃப்ரிட்ஜ்ல வெச்சு உருக விடணும், திரவத்தை உறிஞ்சி எடுக்கற பிப்பெட்டோட நுனிக்குழாய், அதாவது டிப்ஸ் கூட ஜில்லுன்னு இருக்கணும். நான் சேர்ந்த புதுசுல டிப்ஸை ஃப்ரீசர்ல வெக்க மறந்துட்டு அவசரத்துல அப்படியே உறிஞ்சிட்டேன், டிப்புக்குள்ளயே பாதி உறைஞ்சு போச்சு, செல்லும் போச்சு ஜெல்லும் போச்சு, சீனியர் ஒரு வார்த்தை திட்டல, சும்மா பாத்தாங்க, அது தான் இன்னும் வலிக்குது. எல்லாம் சரியா வந்தா குடலோட ஸ்டெம் செல்லை, அதாவது பிரிஞ்சு பிரிஞ்சு மத்த வகை செல்லையும் உண்டாக்கற மூல செல்லை, ஜெல்லோட கலந்து பிளேட்டுல சின்னச்சின்ன சொட்டா வெச்சு, பிளேட்டை தலைகீழா கவுத்து 37 டிகிரி இன்குபேட்டர்ல வெக்கணும். கவுக்கலன்னா செல்லெல்லாம் அடியில போய் உக்காந்து தட்டையா பரவிடும், அப்புறம் 3டி எங்கருந்து வரும். ஜெல் கெட்டியானதும் மேல மீடியம், அதாவது செல்லுக்கு சாப்பாடா இருக்கற திரவம், ஊத்தணும்.

முதல் நாள் மைக்ராஸ்கோப்ல பாத்தா வெறும் புள்ளி. மூணாம் நாள் உள்ள காலியா ஒரு பந்து. அஞ்சாறு நாள்ல அந்தப் பந்துலருந்து அங்கங்க மொட்டு விடும் பாருங்க, அந்த மொட்டு ஒவ்வொண்ணும் நிஜ குடல்ல இருக்கற குழி மாதிரியே, நுனியில ஸ்டெம் செல் உக்காந்திருக்கும். இதை 2009ல முதல்ல செஞ்சு காட்டினது நெதர்லாந்துல ஹான்ஸ் கிளெவர்ஸ் லேப்ல இருந்த டோஷிரோ சாட்டோ. ஒரே ஒரு ஸ்டெம் செல், கூட ஜெல்லும் இஜிஎஃப், நாகின், ஆர்-ஸ்பாண்டின்னு மூணு புரதமும், அவ்ளோ தான். எங்க குழி வரணும்னு யாரும் அதுக்கு சொல்லித் தரல.

அப்புறம் 2011ல ஜப்பான்ல சசாயி குரூப் எலி ஸ்டெம் செல்லுலருந்து கண்ணோட கிண்ண வடிவத்தை வரவெச்சாங்க, 2013ல வியன்னால லேன்காஸ்டரும் நோப்லிக்கும் மூளை ஆர்கனாய்டு வளத்தாங்க (லேப்ல இப்படி வளர்ற குட்டி உறுப்பு மாதிரி திசுவுக்கு அது தான் பேரு, என் குடலும் அதுல ஒண்ணு). அதை "குட்டி மூளை"ன்னு எழுதறப்போ எனக்கு எரிச்சல் தான் வரும். ஒரு நாலு மில்லிமீட்டர் திசு அது, கருவுல இருக்கற ஆரம்பகால மூளை மாதிரி சில பகுதிங்க இருக்கு, ரத்த ஓட்டம் கெடையாது.

சித்தப்பா கேட்ட கிட்னி மாட்டிக்கிட்டு நிக்கறதும் அந்த ரத்த ஓட்டத்துல தான். ரத்தக்குழாய் இல்லாம ஆக்சிஜன் ஊறி உள்ள போறது சுமார் 0.2 மில்லிமீட்டர் வரைக்கும் தான், அதுக்கு மேல தடிமனானா நடுவுல இருக்கற செல் மூச்சுத் திணறி செத்துடும். மெல்லிசா இருக்கற உறுப்புன்னா பரவால்லன்னு தான் அமெரிக்காவுல அந்தோணி அட்டாலா குரூப் சிறுநீர்ப்பைல ஆரம்பிச்சாங்க, நோயாளியோட சொந்த செல்லை பை வடிவ சட்டத்துல வளத்து 7 பேருக்கு வெச்சதை 2006ல வெளியிட்டாங்க. அப்போ ஊரே கொண்டாடுச்சு, ஆனா 2014ல வந்த அடுத்த கட்ட சோதனையில எதிர்பார்த்த பலன் கெடைக்கல, அதை யாரும் தலைப்பு போட்டு எழுதல. இன்னொரு வழி 2008ல டோரிஸ் டெய்லர் குரூப் பண்ணது: எலி இதயத்தை சோப்பு மாதிரி திரவத்தால கழுவி செல்லையெல்லாம் எடுத்துட்டு, குழாயோட மிஞ்சின வெள்ளைக் கூட்டுல புது செல் விட்டாங்க, அது துடிச்சுது, ஆனா முழு எலி இதயத்தோட வேலைத்திறன்ல ஒரு 2 சதவீதம்.

அப்ப இந்த கடுகுக் குடலால என்ன தான் பிரயோஜனம்னா, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னு நுரையீரலையும் குடலையும் பாதிக்கற பரம்பரை நோய் இருக்கறவங்களோட மலக்குடல்லருந்து துளி திசு எடுத்து ஆர்கனாய்டு வளக்கறாங்க. ஃபோர்ஸ்கோலின்னு ஒரு ரசாயனத்தை சேத்தா ஆரோக்கியமானவங்களோடது தண்ணி இழுத்து பலூன் மாதிரி உப்பும், நோய் இருக்கறவங்களோடது அந்தளவுக்கு உப்பாது. மருந்து போட்டதும் உப்புச்சுன்னா இவங்களுக்கு அது கேக்க வாய்ப்பிருக்கு. நோயாளி ஒரு மாத்திரை முழுங்கறதுக்கு முன்னாடியே தட்டுல பாத்துடலாம்.

இதையெல்லாம் சித்தப்பாவுக்கு ஒரு மணி நேரம் சொன்னேன், கடைசியில "சரி, அப்ப கிட்னி இப்போதைக்கு இல்ல"ன்னாரு. இல்ல தான். என் பிளேட்டுல இன்னிக்கு ஆறாம் நாள், நல்லா மொட்டு விட்டிருக்கு, நாளைக்கு உடைச்சு புது ஜெல்லுல போடணும். டிப்ஸ் இப்பவே ஃப்ரீசர்ல வெச்சாச்சு.