அந்தத் திரையில் எது முதலில் தெரிய வேண்டும்?

பணம் அனுப்பும் ஆப் ஒன்றின் கஸ்டமர் கேருக்கு ஓயாமல் வரும் புகார் இது: "என் அக்கவுண்ட்ல பணம் போயிடுச்சு, அவங்களுக்குப் போய்ச் சேரல." ஹெட்செட் மாட்டிக்கொண்டு கேட்கும் ஏஜென்ட்டுக்கு அது அன்றைக்கு எத்தனையாவது அழைப்போ! சொல்கிறவருக்கு அது மாத வாடகை, இல்லையென்றால் பிள்ளையின் காலேஜ் ஃபீஸ். அந்த ஏஜென்ட்டின் கண்முன் இருக்கும் திரையை வடிவமைப்பதுதான் சில வருடங்களாக என் வேலை.

நான் சேர்ந்தபோது இருந்த திரையில் விவரத்துக்குப் பஞ்சமே இல்லை. கேஒய்சி முடிந்த தேதி, ரெஃபரல் கோட், கடைசியாக லாகின் செய்த போன் மாடல், வாங்கிய கேஷ்பேக் எல்லாம் வரிசையாக நின்றன. ஆனால் அழைப்பு வந்ததும் ஏஜென்ட் கேட்கும் முதல் கேள்வி, "சார், அந்த பன்னிரண்டு டிஜிட் ரெஃபரன்ஸ் நம்பர் சொல்ல முடியுமா?" மறுமுனையில் இருப்பவர் போனைக் காதிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, ஆப்பைத் திறந்து தேடுவார். பஸ் சத்தம் கேட்கும். கண்ணாடி இல்லாத பெரியவர் ஆறையும் எட்டையும் மாற்றிச் சொல்வார். இத்தனைக்கும் அந்த எண் எங்கள் டேட்டாபேஸிலேயே இருந்தது. நம்மிடமே இருக்கும் ஒன்றை வாடிக்கையாளரிடம் கேட்பது அவரை அவமதிப்பது என்பதில் எனக்கு இன்றுவரை மாற்றுக் கருத்து இல்லை.

அதனால் திரையின் வரிசையையே மாற்றினோம். அழைப்பு வந்த நம்பரை வைத்துக் கணக்கைப் பிடித்து, கடந்த சில நாட்களில் பாதியில் நிற்கிற பரிவர்த்தனை இருந்தால் அதை மேலே கொண்டுவந்தோம். யாருக்கு, எவ்வளவு, எப்போது, எந்த வங்கியில் நிற்கிறது. கூடவே ஒரு தேதி. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட சுற்றறிக்கைப்படி, யூபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் கழிக்கப்பட்டும் போய்ச் சேரவில்லை என்றால் அடுத்த நாளுக்குள் திரும்ப வர வேண்டும். கடைக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலே. இதெல்லாம் ஏஜென்ட்கள் பயிற்சியில் படித்ததுதான். வரிசையில் ஆட்கள் காத்திருக்கும்போது யாருக்கு ஒன்று, யாருக்கு ஐந்து என்று கணக்குப் போட நேரம் ஏது? "ரெண்டு மூணு நாள்ல வந்துடும் சார்" என்று சொல்லிவிடுவார்கள். இப்போது "வியாழக்கிழமைக்குள்" என்று திரையே சொல்கிறது. கிழமையைச் சொன்னதும் மறுமுனையில் குரல் தணிவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. நம்பர் ஒருவருடையது என்பதாலேயே பேசுகிறவர் அவர்தான் என்று ஆகிவிடாது. நம் வீடுகளில் சிம் மகன் பெயரில் இருக்கும், போன் அம்மா கையில் இருக்கும். திரையில் தெரியும் பெயரோடு "சார்" சேர்த்து வணக்கம் சொன்னால் ஒரு பெண் குரல் பதில் சொல்லும். அது சின்னச் சங்கடம்தான். ஆனால் உதவும் ஆர்வத்தில், "நேத்து எட்டாயிரம் அனுப்பினீங்களே, அதைப் பத்தியா?" என்று கேட்டுவிட்டால்? ஒரு பெண் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தன் அம்மாவுக்கு அனுப்பிய பணமாக இருக்கலாம். அவள் போனிலிருந்து பேசுவது அந்த வீட்டுக்காரராக இருக்கலாம். நாம் காட்டும் ஒரு வரி அந்த வீட்டில் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாது. எனவே சரிபார்ப்பு முடியும்வரை "பாதியில் நிற்கும் பரிவர்த்தனை ஒன்று" என்பது மட்டும் ஏஜென்ட்டுக்குத் தெரியும். தொகையும் பெயரும் அதற்குப் பிறகே திறக்கும். ஒவ்வொரு அழைப்பும் சில நொடி நீளும் என்று ஆபரேஷன்ஸ் தரப்பில் கடுமையாக எதிர்த்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. நொடிகளை மிச்சம்பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

பழைய ஏஜென்ட்கள் எழுதிவைத்த குறிப்புகளையும் எடுத்துவிட்டேன். "கஸ்டமர் ரூடா பேசுவார்", "கத்துவார், கவனம்" என்றெல்லாம் இருக்கும். அதைப் படித்த ஏஜென்ட்டின் குரல் ஹலோ சொல்லும்போதே இறுகிவிடும். அந்த இடத்தில் இப்போது இதே விஷயத்துக்கு எத்தனை முறை அழைத்தார், ஒவ்வொரு முறையும் நாம் என்ன சொன்னோம், சொன்ன தேதி தாண்டிவிட்டதா என்பது மட்டும். பல வருடம் அந்த நாற்காலியில் இருக்கும் ஒரு அக்கா சொன்னார்: "மூணு தடவை கூப்பிட்டும் யாரும் பதில் சொல்லலன்னு தெரிஞ்சா போதும் தம்பி. ஏன் கத்தறார்னு எனக்கே புரிஞ்சிடும்."

பழைய உரையாடல்களைச் சுருக்கித் தரும் ஏஐ வசதியைச் சேர்க்கச் சொல்லி இப்போது கேட்கிறார்கள். நீளமான சாட்டைப் படிக்க நேரமில்லாதவருக்கு அது நிச்சயம் உதவும். ஆனால் தொகை, தேதி, நிலவரம் மூன்றும் கணக்குப் பதிவான லெட்ஜரிலிருந்து நேராக வர வேண்டும், ஏஐ மாடல் எழுதும் வாக்கியத்திலிருந்து வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மாடல் தப்பாக எழுதினாலும் தெளிவாகத்தான் எழுதும். ஏஜென்ட் அதை நம்பி அப்படியே வாசித்துவிடுவார். சுருக்கத்தில் எந்த வரியைத் தட்டினாலும் அது வந்த உரையாடல் திறக்கும்படி ஒரு சோதனை வடிவம் செய்து, நைட் ஷிஃப்ட்டில் சிலரிடம் கொடுத்திருக்கிறோம்.